நாற்பது நாள் பாடிய பெட்டிகள்

என் தங்கை புருல் பதின்மூன்று வயதில் பிஷ்கேக் நகர வானொலிக் கழகப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினாள். இருபத்திரண்டு பையன்களுக்கு நடுவே அவள் ஒருத்திதான் பெண். அவள் செய்த வானொலி ஒரு தேயிலை டப்பாவுக்குள் இருந்தது. பதினேழு வயதில், தையல் பிரிவில் சேரச் சொல்லித் திருப்பி அனுப்பிய தொழிற்கல்லூரியிலேயே மின்னணுப் பிரிவில் இடம் வாங்கினாள். அதற்காக மூன்று முறை போய் வாசலில் நின்றாள். மூன்றாவது முறை நானும் கூட நின்றேன். இருபத்தொன்பது வயதில் அர்காதியின் ஸ்பீக்கர் பட்டறையில் சேர்ந்தாள். அங்கே முன்பு பெண்கள் தரை கூட்ட மட்டும்தான் வந்திருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளில் முப்பத்தொரு ஜோடி ஸ்பீக்கர் செய்தாள். ஒன்றுகூடப் பழுது என்று திரும்பி வரவில்லை.

இவை அத்தனையையும் அவள் ஒற்றைக் காதால் செய்தாள்.

அது எனக்குத் தெரியாது. ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே அறையில் வளர்ந்து, இன்றும் ஒரே வீட்டில் இருக்கிறோம். தையற்கூடத்தில் ஒரு காலர் இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தால் நான் மூன்றாவது மேசையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். அவளுடைய வலது காது கேட்காது என்பதை இருபத்தாறு ஆண்டுகளாகக் கண்டுபிடிக்கவில்லை. அடுத்தவர் வீட்டுக் கூடத்தில், கையில் தேநீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

2019 ஆகஸ்டு மாதம் அனீபா எஜே பட்டறைக்கு வந்தார். எஜே என்றால் அக்கா; மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். வானொலியில் முப்பது ஆண்டு காலைச் செய்தி வாசித்தவர். எங்கள் ஊரில் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு பல் தேய்க்காதவர்கள் இல்லை. வயது எழுபத்து நான்கு. ஓய்வு பெற்றபோது தன் செய்திகளின் ஒலிநாடாச் சுருள்கள் சிலவற்றைப் பிரதியெடுத்து வாங்கி வைத்திருந்தார். அவற்றை வீட்டில் நன்றாகக் கேட்க ஒரு ஜோடி ஸ்பீக்கர் வேண்டும் என்றார். அர்காதியைப் பார்த்துச் சொல்லவில்லை, புருலைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தப் பொண்ணு செய்யட்டும். போன வருஷம் என் தம்பிக்கு இவதான் செஞ்சாளாம். பின்னாடி திருப்பிப் பார்த்தா உன் முத்திரை இருக்கு, அர்காதி. வெட்கமா இல்ல?"

பட்டறையிலிருந்து போகும் ஒவ்வொரு பெட்டியின் பின்பலகையிலும் அர்காதியின் ரப்பர் முத்திரைதான் விழும். யார் செய்தாலும் அதுதான் வழக்கம். அவர் அறுபது வயது ரஷ்யர், வாய் ஓயாதவர், புருலுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்பவர். அவரை அவள் பைகே, அதாவது அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"சரி, அனீபா ஏத்துக்கிட்டா உன் பேரையே எழுதிக்கோ. முத்திரை வேண்டாம்" என்றார் அவர். "பிடிக்கலைன்னு சொன்னா, நான் கடையை மூடற வரைக்கும் என் முத்திரைதான். அப்புறம் முணுமுணுக்கக் கூடாது."

"நான் எப்ப பைகே முணுமுணுத்தேன்?"

"நீ முணுமுணுக்கறது பக்கத்துல செருப்புத் தைக்கிறவனுக்கே கேக்குது."

தன் வேலையில் தன் பெயர். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பெயர் இருந்தால் நாளைக்குத் தனியாக ஒரு மேசை போட்டாலும் ஆட்கள் தேடி வருவார்கள். இல்லையென்றால் அவள் யாரோ ஒருவருடைய கை மட்டும்தான்.

பெட்டிகளை அவள் செய்தாள். முன்பக்கத் துணியை நான் தைத்தேன். சாம்பல் நிறம். நான்கு மூலையிலும் தையல் ஒரே அளவு, வேண்டுமானால் அளந்து பார்க்கலாம். செப்டம்பர் முதல் வாரம் முடிந்துவிட்டது. முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பாள் என்று நினைத்தேன். அவளோ இரண்டு பெட்டிகளையும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரி எதிரெதிரே வைத்தாள். மேலே மூன்று மெத்தை, அதற்கு மேல் கல்யாணத்துக்கு வந்த ஷிர்தாக் கம்பளி.

"என்னடி இது? ஜலதோஷமா அதுகளுக்கு?"

"பழக்கறேன், எஜே. புதுச் செருப்பைப் போட்டுக்கிட்டு நேரா கல்யாணத்துல போய் ஆடுவியா?"

"மாட்டேன். கடிக்கும்."

"இதுவும் அப்படித்தான். உள்ள இருக்கற கூம்போட விளிம்பு இன்னும் விறைப்பா இருக்கு. இருநூறு மணி நேரம் ஆடினாத்தான் தளரும். இப்பவே கொண்டுபோனா அனீபா எஜே குரல் தகரத்துல பேசற மாதிரி இருக்கும்."

அர்காதிக்கு இதில் நம்பிக்கை கிடையாது. "பழகறது ஸ்பீக்கர் இல்ல, காது" என்பார். புருல் வாக்குவாதம் செய்யமாட்டாள். வாரத்துக்கு ஒரு முறை மீட்டரை வைத்து அளந்து நோட்டில் எழுதுவாள். கூம்பு எந்த எண்ணில் தானாக அதிருகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. முதல் வாரம் நாற்பத்தெட்டு. போகப்போக இறங்கி நாற்பத்திரண்டில் நின்றது. எண் இறங்க இறங்க அடித்தொண்டை நன்றாக வரும் என்றாள்.

எங்கள் அடுக்குமாடிச் சுவர் மெல்லியது. இருநூறு மணி நேரம் பாட விட்டால் அண்டை வீட்டார் கதவை உடைத்துவிடுவார்கள். அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. ஒரு பெட்டியின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் பற்றவைத்துவிடுவாள். அப்போது ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். எதிரெதிரே இருப்பதால் ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடும். கூம்புகள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும், வெளியே முனகல்தான் வரும். அனீபா எஜே வீட்டிலும் எங்கள் வீட்டிலும் ஒரே பழைய வகை ஆம்ப்ளிஃபயர். அதன் பிளக் ஒரே விதமாகத்தான் உள்ளே போகும், திருப்பிச் செருக முடியாது. அதனால் பிளக்குக்குள்தான் ஒயரை மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் பழையபடி வைத்தாக வேண்டும்.

ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம். இருநூறு ஆக நாற்பது நாள். அந்த எண்ணைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். பிறந்த குழந்தையை நாங்களும் நாற்பது நாள் வெளியார் கண்ணில் காட்டுவதில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவை குழந்தைகள் ஆகிவிட்டன. "குழந்தைங்க தூங்கறாங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் வேலையிலிருந்து வருவேன். கீழ்வீட்டுக்காரி ஒரு நாள் படியில் என்னை நிறுத்தி, "உங்க வீட்ல யாரு முனகறது, உடம்பு சரியில்லையா?" என்றாள். இரட்டைக் குழந்தை என்றேன். அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

செப்டம்பர் எட்டாம் தேதி தொடங்கியது. அக்டோபர் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, நாற்பது முடிந்தது. அன்று காலையில் புருல் கம்பளியை விலக்கி, பெட்டிகளைப் பிரித்து நிறுத்தி, ஒயரைச் சரியாக வைப்பதற்காகப் பற்றவைக்கும் இரும்பைச் சூடாக்கினாள். அந்த நேரம் பார்த்து அர்காதி தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தினார். இரும்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடினாள்.

மதியம் நான் சாப்பிட வந்தேன். இரண்டு பெட்டிகளும் சன்னலோரம் நின்றன. இடது பெட்டியின் கீழே, பிளக்குக்குப் பக்கத்தில், கறுப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய நூல் ஒன்று கட்டியிருந்தது. என் நூல்கண்டிலிருந்து எடுத்தது.

எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும்போது இரண்டு காலையும் கறுப்பு வெள்ளை நூலால் கட்டுவோம். மற்றவர்கள் ஓடி வருவார்கள். முதலில் வந்து சேருகிறவர் அதை அறுப்பார். அதன்பிறகு பிள்ளை தடுக்கி விழாது. நாற்பது முடிந்த நாளில், குழந்தைகள் என்று நாங்களே பேர் வைத்த பெட்டியின் காலடியில் அந்த நூலைப் பார்த்தால் என்ன தோன்றும்? புருல் எனக்காக விளையாட்டாகக் கட்டி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். போட்டிக்கு ஆள் இல்லை. ஆனாலும் சமையலறையிலிருந்து தனியாகவே ஓடிவந்து, கத்திரியால் ஒரே வெட்டு. "விழாம நடடா கண்ணு" என்று சொல்லி, நூல் துணுக்கைக் குப்பையில் போட்டேன். சுத்தமாக வெட்டினேன், ஒரு பிசிறு இல்லை.

ஒயர் மாறியிருக்கிறது என்பதற்கு அவள் வைத்திருந்த ஒரே அடையாளம் அந்த நூல்.

சாயங்காலம் வந்து பார்த்தாள். நூல் இல்லை. காலையில் இரும்பைச் சூடாக்கியது ஞாபகம் இருந்தது. மாற்றிவிட்டோம் என்று எண்ணிக்கொண்டாள். ஒவ்வொரு பெட்டியாகத் தனித்தனியே பாடவிட்டுக் கேட்டாள். தனியாகக் கேட்டால் இரண்டும் குறையே இல்லாமல்தான் இருந்தன. சனிக்கிழமை காலை டாக்ஸி பிடித்து அனீபா எஜே வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

நாலாவது மாடி. மேசை முழுக்கப் போர்சொக் என்கிற பொரித்த மாவுத் துண்டுகள், செர்ரிப்பழப் பாகு, பால் விட்ட தேநீர். அர்காதி எங்களுக்கு முன்பே வந்து பாதிப் பாகைத் தீர்த்திருந்தார். கோட்டுப் பையில் முத்திரையும் கொண்டுவந்திருந்தார்; எடுத்து மேசைமேல் வைத்தார், புருல் பார்க்கிற மாதிரி.

"என்ன பைகே, இதுக்கு அவ்வளவு அவசரமா?"

"குடை எடுத்துட்டு வந்தா மழை பெய்யணும்னா ஆசைப்படறோம்?"

புருல் வழக்கம்போல மேசையின் வலக்கோடியில், வாசலோரம் உட்கார்ந்தாள். எங்கே போனாலும் அந்த இடம்தான். இளையவள் அடக்கமாக வாசலோரம் உட்காருகிறாள் என்று ஊரே மெச்சும். நானும் மெச்சியிருக்கிறேன்.

அனீபா எஜே சுருளை மாட்டினார். 1988 ஜனவரியில், பிஷ்கேக்குக்கு ஃப்ரூன்ஸே என்று பெயர் இருந்தபோது வாசித்த செய்தி. "ரெண்டு வருஷமா நான் இதைக் கேக்கல. பழைய ஸ்பீக்கர்ல என் குரல் கிழிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு இரண்டு பெட்டிகளுக்கும் நேர் எதிரே உட்கார்ந்தார். விசையைத் தட்டினார்.

"இது ஃப்ரூன்ஸே. நேரம் காலை ஆறு மணி."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நல்ல சிலிர்ப்பு இல்லை. குரல் பெட்டிகளிலிருந்து வரவில்லை. நடுவிலிருந்தும் வரவில்லை. என் பின்னங்கழுத்துக்குப் பக்கத்தில் யாரோ நின்று பேசுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், சுவர். அடித்தொண்டையே இல்லை. உடம்பை எங்கோ விட்டுவிட்டு வந்த குரல். அனீபா எஜேயும் திரும்பிப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"நான் எங்கே?" என்றார். "இதுல நான் இல்லையே."

அர்காதியின் கரண்டி தட்டில் விழுந்தது. நான் புருலைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வந்திருக்கில்ல, எஜே?"

சுருள் பாட்டுக்குப் பனிப்பொழிவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனது.

"என்ன சொன்னே?" என்றார் அர்காதி.

"தெளிவா இருக்குன்னேன். இன்னும் கொஞ்சம் சத்தமா வைக்கட்டுமா?"

"என்னைக் கிண்டல் பண்றியா? அந்தம்மா குரல் நம்ம தலைக்குப் பின்னால சுத்திக்கிட்டிருக்கு! ஒரு ஒயர் தலைகீழா இருக்கு! தெருவுல போற நாய்க்குக்கூடத் தெரியும். உனக்குத் தெரியலயா?"

புருலின் சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் ஒவ்வொருவர் முகமாக ஓடியது. அர்காதி எழுந்தார். அவள் கண்ணில் படாமல் நாற்காலிக்குப் பின்னால் சுற்றிப் போனார். வலது காதுக்கு ஒரு சாண் தள்ளி விரலைச் சொடுக்கினார். எனக்குக் கேட்டது. சுருளின் சத்தத்தையும் மீறி மேசைக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது. அவள் அசையவில்லை. அறைக்குள் ஏதோ ஒரு சொடுக்கு விழுந்தது என்பது மட்டும் தெரிந்து, சொடுக்கியவர் இல்லாத இடது பக்கம் திரும்பினாள்.

அனீபா எஜே சுருளை நிறுத்தினார்.

"எத்தனை நாளா?" என்றார் அர்காதி. குரல் இறங்கிவிட்டது.

"ஏழு வயசுலேர்ந்து" என்றாள் புருல்.

ஏழு வயதில் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. வலது தாடை பந்து மாதிரி வீங்கியிருந்தது. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து அந்தத் தாடையில் இரவும் பகலும் வைத்துக் கட்டியது நான்தான். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். வீக்கம் போகும்போது காதையும் கொண்டுபோனது எனக்குத் தெரியவில்லை.

"ஏன்டி சொல்லல? என்கிட்டகூட ஏன்டி சொல்லல?"

"எனக்கே பதினோரு வயசுலதான் தெரிஞ்சுது, எஜே. தபால் ஆபீஸ்ல போனை இந்தக் காதுக்கு மாத்தினேன். லைன் செத்துப் போச்சுன்னு நெனச்சேன். திரும்ப இந்தப் பக்கம் வெச்சா, அத்தை இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க." அவள் மேசையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "உன்கிட்ட சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவே. இந்தக் காதை வெச்சுக்கிட்டு ரேடியோ எதுக்குன்னு அவர் சொல்வார். நீ என் டப்பாவைத் தூக்கி மேல வெச்சுடுவே."

வைத்திருப்பேன். அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

"சரி, ஒயரை எப்படி மறந்தே?" என்றார் அர்காதி. "நாலு வருஷத்துல ஒரு தடவைகூட நீ மறந்ததில்லையே."

"மாத்திட்டேன் பைகே. நூல் இல்லையே. மாத்தாம இருந்தா நூல் கட்டியிருக்கும்."

"என்ன நூல்?" என்றேன் நான்.

"கறுப்பும் வெள்ளையும். உன்னோடதுதான்."

கிண்ணத்தைக் கீழே வைக்கத் தெரியாமல் வைத்தேன். தேநீர் மேசைவிரிப்பு முழுக்கப் பரவியது. நாற்பதாம் நாள் கணக்கையும், சமையலறையிலிருந்து ஓடிவந்ததையும், கத்திரியையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன். புருல் என்னையே பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தனியாவா ஓடினே?"

"தனியாத்தான்டி ஓடினேன்."

"யாரு ஜெயிச்சா?"

பிறகு அவள் பையிலிருந்து இரும்பை எடுத்தாள். அனீபா எஜே வீட்டுச் சமையலறை மேசையில் பிளக்கைப் பிரித்து இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி வைத்தாள். ஐந்து நிமிட வேலை. இந்த முறை நான் பக்கத்திலேயே நின்று, சிவப்பு எது, கறுப்பு எது என்று இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லவைத்தேன்.

மறுபடியும் சுருள். "இது ஃப்ரூன்ஸே."

இரண்டு பெட்டிகளுக்கும் நட்டநடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு பெண் உட்கார்ந்து பேசினாள். முழு நெஞ்சோடு பேசினாள். மூச்சு இழுப்பதும் தாளைத் திருப்புவதும் கேட்டன. அனீபா எஜே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். புருல் பெட்டிகளைப் பார்க்கவே இல்லை. எங்கள் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க உக்காந்திருக்காங்க?" என்று கேட்டாள்.

அனீபா எஜே விரலை நீட்டினார். விரல் நடுவிலிருந்து ஒரு சாண் வலப்பக்கம் காட்டியது. புருல் போய் இடது பெட்டியை இரண்டு விரற்கடை முன்னால் நகர்த்தினாள். மறுபடி எங்கள் முகத்தைப் பார்த்தாள். விரல் நடுவுக்கு வந்தது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அந்த நடுவை அவள் தன் காதால் கேட்டதே இல்லை, இனியும் கேட்கப் போவதில்லை.

அர்காதி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "கடவுளே! பாடறவன் எங்க நிக்கிறான், எங்க நிக்கிறான்னு நாலு வருஷமா என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தியே! எனக்குப் பரீட்சை வைக்கிறேன்னு நெனச்சு நானும் கண்ணை மூடிக்கிட்டு ஒழுங்கா பதில் சொன்னேனே!"

"நீங்க கரெக்டா சொல்வீங்க, பைகே."

"என் ரெண்டு காதையும் வாடகை இல்லாம எடுத்து ஓட்டியிருக்கா!" என்று அனீபா எஜேயிடம் முறையிட்டார். பிறகு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிகரெட் பிடித்தார். ஒன்றுக்கு மூன்றாகப் பிடித்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். விஷயம் ஊருக்குத் தெரிந்தால் ஒற்றைக் காதுக்காரியிடம் யார் ஸ்பீக்கர் வாங்குவார்கள்? அதைத் தெரியப்படுத்துவதும் படுத்தாததும் அந்த முதுகின் கையில்தான் இருந்தது.

உள்ளே வந்தார். மேசையிலிருந்த முத்திரையை எடுத்தார். புருல் எழுந்து நின்றுவிட்டாள்.

"போடுங்க பைகே. பந்தயம் பந்தயம்தான். முதல் தடவை அவங்களுக்குப் பிடிக்கல."

"நீ சும்மா இரு" என்றார் அனீபா எஜே. "நான் வாங்கறது என் குரலை. உன் காதை யாரு வாங்கறா? அர்காதி, அதை உள்ள வை."

"வைக்கத்தானே எடுத்தேன்! அதுக்குள்ள ரெண்டு பேரும் என்னத்துக்குக் கத்தறீங்க?" என்று முத்திரையைக் கோட்டுப் பைக்குள் போட்டார். பிறகு புருலின் இடப்பக்கம் வந்து நின்றுகொண்டார். "கேக்கற பக்கம் வந்து சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோ. கையெழுத்தைப் போடு. யாராவது கேட்டா, காதைப் பத்தியும் நீயே சொல்லு. மறைச்சது போதும். திங்கட்கிழமை வழக்கம்போல எட்டு மணிக்கு வந்துடு."

புருலின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. விடவில்லை. நான் என் பையிலிருந்து துணியில் குறி போடுகிற பென்சிலை எடுத்து, முனையைச் சீவி நீட்டினேன். அவள் பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டாள். எந்தப் பெட்டி என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். தலைகீழாகப் பாடிய இடது பெட்டியைத் திருப்பினாள். பெட்டி ஆடாமலிருக்க அனீபா எஜே அதன் தலையைப் பிடித்துக்கொண்டார்.

பலகையின் ஓரத்திலிருந்து மூன்று சென்டிமீட்டர் உள்ளே, கோடு போட்டது போல் நேராக எழுதினாள். முதலில் பெயர், அதன் கீழே நாள்: 2019 அக்டோபர் 19, சனிக்கிழமை.